இளமஞ்சள், சற்றே கலங்கல்

மூன்று குழாய்களையும்
உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வந்தார்
கொட்டச்சேட்டுக்காரர்.
வார்டில் ஆள் இல்லை, நீயே கொண்டுபோ என்றார்களாம்.
வாங்கும்போது சூடாக இருந்தன.
அது சடைச்சியின் சூடா, அவர் கையின் சூடா,
சேலம் பெரியாஸ்பத்திரியில் அதைப் பிரித்துச் சொல்ல
கருவி கிடையாது.

பெண், நாற்பத்தொன்று, வலப்பக்கம்,
எண்ணூறு மில்லி எடுத்தது.
சீட்டில் இவ்வளவுதான்.
மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறினவள்
நாலாவது படியில் மூச்சு முட்டி இறங்கினாள் என்பது
அவர் சொன்னது.
"நெஞ்சுக்குள்ள எப்படிங்க தண்ணி போகும்?
மழையில நனைஞ்சதா?"

முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் உண்டு.
ஏற்காட்டு மலை மங்கலாய்த் தெரியும் ஜன்னலில்
தூக்கிப் பிடித்தேன்.
இளமஞ்சள், சற்றே கலங்கல்.
வைக்கோல் ஊறிய தண்ணீர் என்று எழுத
கட்டத்தில் இடமில்லை.

புரதம். எல்டிஹெச்.
அவள் ரத்தத்திலும் அதே இரண்டையும் எடுத்து
அருகருகே வைத்தால் தெரியும்:
இதயமோ ஈரலோ தளர்ந்ததில் கசிந்த நீரா,
நுரையீரலின் உறை தானே புண்பட்டுச் சுரந்ததா.
ரத்தத்தில் இருந்ததில் பாதிக்கு மேல் இதில் இருந்தது.
சுரந்ததுதான்.
இனி மூன்று நான்கு கதவுகள்.
அதில் ஒன்றைத் திறக்க எனக்குக் கை வராது.

போன ஆடியில் செவ்வாய்ப்பேட்டை
வெள்ளிப்பட்டறைக்காரர் ஒருவர்.
அவர் நீர் சிவப்பு.
தகட்டில் கொத்துக் கொத்தாக
வரிசை மறந்த செல்கள்.
அன்று டிபன் பாக்ஸ் திறக்காமலே
வீடு திரும்பியது.

சென்ட்ரிபியூஜ் சுற்றி நிற்க ஐந்து நிமிடம்.
அதற்குள் நான் வேண்டிக்கொண்டதை
வெளியில் சொன்னால் அடிப்பார்கள்:
காசநோயாக இருக்கட்டும்.
ஆறு மாதம் மாத்திரை, காசு இல்லை,
சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படாதே என்று
சொல்லிக்கொடுக்க ஒரு நர்ஸ்.
ஒரு நோயை
இப்படியா வா வா என்று கூப்பிடுவது.

தொடாமல் வைத்த மூன்றாவது குழாயில்
சாயங்காலம் நூலாம்படை கட்டியிருந்தது.
சிலந்தி இல்லாத வலை.
ஆட்டினால் ஆடியது.
இதைப் பார்த்ததுமே ரிட்டயரான ராஜமாணிக்கம் சார்
பேனாவை எடுத்துவிடுவார்.
நான் எண் வரும்வரை இருந்தேன்.

ஏடிஏ எழுபத்திரண்டு.
செல்களில் தொண்ணூறு சதவீதம் லிம்போசைட்.
தகடு நாளைக்குத்தான் டாக்டர் மேசைக்குப் போகும்,
அதனால் நான் சிரிக்கவில்லை.

பெஞ்சை விட்டு எழுந்து வந்தார்.
நல்லதா கெட்டதா என்று கேட்பாரென
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
"எண்ணூறுன்னா எத்தனை சொம்புங்க?"
ஒன்று. கொஞ்சம் குறையும்.

அவர் கையைக் குவித்து
ஒரு சொம்பு அளவு பிடித்துப் பார்த்தார்.
"இத்தனையையும் வச்சிக்கிட்டா
ஏணி ஏறுனா?"