பேனா, எண்பது வெள்ளி

எண்ணூற்று நாற்பது வெள்ளி.
லெபோ கேம்பலில், கண்ணாடிப் பெட்டியைத் திறந்து
மிஸ் சியா அதைத் துணிமேல் கிடத்தியபோது
ஒரு தரம்தான் விலை கேட்டேன்.
இரண்டாம் தரம் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

வீட்டில் குணாளன் கேட்டார். எண்பது என்றேன்.
"ஒரு பேனாவுக்கா?"
எண்பதுக்கே அப்படி.

வீட்டுக் கணக்கு நான்தான் எழுதுவது.
ஆகவே அந்தத் தங்க முள் இங்கே எழுதிய முதல் வரி:
பேனா, 80.
எட்டும் சைபரும் எத்தனை வடிவு!
பொய் இவ்வளவு வழுக்கிக்கொண்டு வரும் என்பது
பால்பாயிண்ட் காலத்தில் எனக்குத் தெரியாது.

மிச்சம் எழுநூற்று அறுபதை எங்கே கொண்டு புதைக்க?
கெம்போங் மீனில் கொஞ்சம்,
கறிவேப்பிலையில்கூட ஐம்பது காசு,
தையல் கூலி,
ஒழுகாத கூரைக்கு ஒரு பழுது.
அந்த ஆறு மாதமும்
பினாங்குத் தீவிலேயே மீன் விலை கூடிய வீடு
ஆயர் ஈத்தாமில் எங்களுடையது.

காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுக்க விசைப்பலகை.
யார் வண்டி எங்கே இடித்தது, பிழை யார்மேல்.
என் கைக்கு அங்கே கையொப்பம் தவிர வேலையில்லை.
வீட்டுக்கு வந்து
மூடியை மூன்று சுற்று திருகித் திறக்கிறேன்.
அழுத்த வேண்டாம்.
அதன் எடையே எழுதிக்கொள்ளும், நான் வழிவிட்டால் போதும்.
எவருடைய நேர்கோட்டு எழுத்துக்கோ செய்த முள்,
முதல் வாரம் ஞகரத்தில் இடறியது.
ழகரத்தின் வாலில் மூச்சு வாங்கியது.
பிறகு என் கை சாயும் பக்கம் அதுவும் சாய்ந்து, பழகி,
இப்போது 'கோழி, ஒன்றரைக் கிலோ' என்று எழுதினால்
கோழிக்கே கொஞ்சம் வெட்கம் வரும்.
மழை நாளில் மை காய நேரமாகும்.
பக்கத்தைப் புரட்டாமல் ஊதிக்கொண்டிருப்பேன்,
சூடான கோப்பியைப் போல.

குணாளனுக்கு நாலு நம்பர்.
புதன், சனி, ஞாயிறு.
பாலத்தில் முந்திப்போன லாரியின் எண்,
கனவில் பல்லி விழுந்த மணி.
ஒரு நாள் கைக்கு எட்டியது என் பேனா.
பெட்ரோல் ரசீதின் முதுகில்
தேங்காய் உரிப்பவர்போல் குத்தி எழுதினார்: 3077.
முள்ளின் இரண்டு இதழும் விரிந்ததை நான் பார்த்தேன்.
என்ன சொல்ல?
எண்பது வெள்ளிப் பேனாவுக்கு யாராவது அலறுவார்களா?
உதட்டைக் கடித்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன்.
அன்றிலிருந்து என் எழுத்து
ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது.

3077 ஆறுதல் பரிசில் விழுந்தது.
கையில் நூற்று இருபது வெள்ளி.
மத்தியானம் எங்கோ கிளம்பிப் போனவர்
இருட்டிய பிறகு வந்தார்.
எப்போதும் செருப்பை உதறி எறிகிறவர்
அன்று குனிந்து, ஜோடி சேர்த்து வைத்தார்.
மேசையில் ஒரு காகிதப் பை. மிஸ் சியா கடைப் பை.
"ஒனக்கு அதே மாதிரி இன்னொண்ணு வாங்கலாம்னு..."
காற்றாடியைப் பார்த்தார்.
"ஸ்டாக் இல்லையாம்."

பைக்குள் ஒரு மைப் புட்டி, நாவல்பழ நிறம்.
"எவ்வளவு?"
"இருபது."

அந்த மை அறுபத்தெட்டு. எனக்கு மனப்பாடம்.
நோட்டைத் திறந்தேன்.
அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.
மை, 20 என்று எழுதினேன்.
இரண்டு பேரும் ஊதாமல் காத்திருந்தோம், அது காயும்வரை.

புதன்கிழமை பேனாவைக் கேட்டார்.
கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.
தூங்கும் பூனையைத் தூக்குவதுபோல் எடுத்து
நான்கு எண்களையும் அத்தனை மெதுவாக எழுதினார்,
கடைக்குப் போய்ப் பார்த்தால் கடைசி எண்
ஒன்றா ஏழா என்று அவருக்கே தெரியவில்லையாம்.
ஏழு என்றாராம்.
விழுந்தது ஒன்று.