உபரி

தானமாய் வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இரவல் போய்த் திரும்பியதை
வாயைத் திறந்தே பார்க்கலாம்.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பைடே நகரம். எஸ்தோனியாவின் நடுவயிறு.
ஜனவரியில் ஒன்பது மணிக்குத்தான்
ஜன்னல் வெளுக்கிறது.
அதற்குள் நான்கு பெட்டிகளை எண்ணிவிடுவேன்.

மழலையர் பள்ளிகளுக்கு
மூன்று வாரத் தவணையில் போய்வரும் ரோபோக்கள்.
பெட்டிக்கு நூற்று இருபத்தேழு உருப்படி:
மோட்டார் இரண்டு, பற்சக்கரம் பதினான்கு,
வெளிச்சம் பார்க்கும் கண் ஒன்று,
முன்னே, பின்னே, இடம், வலம் என்று
அம்பு போட்ட அட்டைகள்.
எழுத்து தேவையில்லை.
எழுதத் தெரியாதவர்கள்தான் கட்டளையிடுகிறார்கள்.

பட்டியலில் இல்லாதவையும் வரும்.
பிஸ்கட் தூள்.
அச்சில் முறுக்கிக்கொண்ட பொன்னிற முடி.
ஒருமுறை, பேட்டரி அறைக்குள்
அவித்த பட்டாணி, வரிசையாக நான்கு.
(சாப்பாடு வைத்திருக்கிறார்கள்.
துருவை நான்தான் சுரண்டினேன்.)

"ஷூ நாடா கட்டத் தெரியாத பிள்ளைக்கு
ரோபோ என்னத்துக்கு?" என்பார்
வண்டி ஓட்டும் ராய்வோ.
பதில் சொல்வதில்லை.
மாலையில் ஆளில்லை என்று நினைத்து
தரையில் கறுப்பு டேப் ஒட்டி
அதன்மேல் ஒன்றை ஓடவிட்டு
குந்தி உட்கார்ந்திருப்பார் அவரே.

பத்தொன்பதாம் பெட்டி முஸ்ட்லாவிலிருந்து வந்தது.
எண்ணினேன்: நூற்று இருபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன்.
குறைந்தால் கடிதம் எழுதலாம்.
கூடினால் என்ன செய்வது?

கண்ணுக்குக் கீழே, நீல டேப்புக்கு அடியில்
ஒரு பால்பல்.
வேரோரம் காய்ந்த பழுப்பு.

தொலைபேசியில் ஆசிரியை கைரே சிரித்தாள்.
சரிவுப் பலகையில் ரோபோ ஏறவில்லையாம்.
"சக்கரத்தில் ஒரு பல் உடைஞ்சிருக்கு,
பல் இல்லாம எப்படி ஏறும்?" என்று
வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள்.
எங்கள் மொழியிலும் அது பல்லுள்ள சக்கரம்தான்.
கேட்டுக்கொண்டிருந்தாள் லேலோ,
வயது ஐந்தேமுக்கால்.
அன்று மதியம் கம்பு ரொட்டியைக் கடிக்கையில்
அவளுக்கு விழுந்தது.

விழுந்த பல்லை
அடுப்புக்குப் பின்னால் எலிக்கு எறிவது இங்கே வழக்கம்.
எலும்பை வாங்கிக்கொண்டு
எலி இரும்புப் பல் தரும் என்பார்கள்.
லேலோ வீட்டில் அடுப்பு இல்லை,
சுவரோரம் வெந்நீர்க் குழாய்.
அவள் எலியை நம்பவில்லை.
நேராக இரும்பிடமே போய்விட்டாள்.

"ஏறிச்சா?" என்று கேட்டேன்.
"இல்ல. அப்புறம் அவளே
பலகைக்கு அடியில இருந்த மூணு புத்தகத்துல
ரெண்டை உருவிட்டா. ஏறிடுச்சு.
பல்லாலதான்னு சொல்றா."

அயல்பொருள் இருந்தால் அப்புறப்படுத்தவும்:
விதி ஏழு.
இடுக்கியில் பிடித்துக்கொண்டு
குப்பைக்கூடை வரை போனேன்.
கூடைக்குள் நேற்றைய ஆப்பிள் தோல்.
திரும்பி வந்தேன்.

சக்கரத்தை மாற்றினேன்.
பல்லை, திருகாணி போடும் பையில் இட்டு
வாயை அழுத்தி மூடினேன்.
பட்டியலின் அடியில் பேனாவால் எழுதினேன்:
பல் – 1.

அடுத்து அது கிஹ்னு தீவுக்கு.
காற்றடித்ததில் படகு இரண்டு நாள் போகவில்லை,
பெட்டி துறையிலேயே கிடந்தது என்றார் ராய்வோ.
மார்ச்சில் திரும்பியது,
எனக்குத் தெரியாத ஒருவரின்
சாய்ந்த கையெழுத்தோடு.

மோட்டார் 2. சரி.
கண் 1. சரி.
பற்சக்கரம் 13. ஒன்று கடலில்,
யார் போட்டது என்று சொல்ல மறுக்கிறார்கள்.
பல் 1. சரி.

புதுப் பட்டியல் அச்சடிக்க வேண்டும்.
நூற்று இருபத்தேழுக்கு மேல்
கணினி ஏற்க மறுக்கிறது.
பேனாவைத் தேடுகிறேன்.
ராய்வோ வண்டியை அணைக்காமல்
வெளியே காத்திருக்கிறார்.