மணல் பெட்டி

கண்ணை மூடுங்கள் என்றான் தாவெத்.
மூடினேன்.
கடற்கரை என்றான்.
வெதுவெதுப்பான மணல், அலை வருகிறது, அலை போகிறது,
போகும்போதெல்லாம் உங்கள் தோளிலிருந்து
ஒரு கை வலியை அள்ளிக்கொண்டு போகிறது.

சன்னலுக்கு வெளியே தால்லினில் பிப்ரவரி.
வளைகுடா கல்லாய் உறைந்து கிடக்கிறது.
அலை எங்கிருந்து வரும், தம்பி?

ஆனாலும் முயன்றேன்.
மணல் வந்தது.
வந்ததும் தெரிந்துவிட்டது, எந்த மணல் என்று:
ஜூலை ஞாயிறுகளில் குளித்துவிட்டு ஏறுகிறவர்கள்
என் டிராம் தரையெல்லாம் உதறிவிட்டுப் போவார்களே,
அது.
கடைசி நிறுத்தத்தில் யார் பெருக்குவது?

பத்துக்கு எத்தனை, வீர்வே?
ஏழாக இருந்தது. ஒன்பது என்றேன்.
கடற்கரை எழுதிய தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

தோளுக்குள் ஒரு தகடு, எட்டுத் திருகாணி.
டிப்போ வாசலில் இரண்டே படி.
முப்பத்தோரு வருஷம் அத்தனை டன் இரும்பைப்
பனியில் வழுக்காமல் ஓட்டியவள்
தன் இரண்டு காலில் வழுக்கிய கதையை
எத்தனை பேருக்குத்தான் சொல்வது.

அன்றிரவு மாத்திரை ஓய்ந்துவிட்டது.
அடுத்ததற்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
பக்கத்துப் படுக்கையில் லியூத்மிலாவின் குறட்டை.
கண்ணை மூடினேன்,
யாரும் மூடச் சொல்லவில்லை.

கோப்லி. விடியாத பொழுதின் முதல் வண்டி.
இருக்கை சில்லிட்டிருக்கிறது.
கைப்பிடிக்கு என் உள்ளங்கை தெரிகிறது.
மணி, ஒரு தரம்.
வலி ஏறுகிறது.
டிக்கெட் இல்லை, ஈரக் கோட்டு, பெரிய பை,
இத்தனை காலி இருக்கைகளை விட்டுவிட்டு
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று
தோளில் மூச்சு விடுகிறது.

இறக்கிவிடவில்லை.
இந்தக் குளிரில் நடுவழியில்
எவரையும் நான் இறக்கிவிட்டதில்லை.
பின்னால் நகருங்கள் என்றேன் ஒலிபெருக்கியில்,
நெரிசல் நேரத்துக்கென்று வைத்திருக்கும் குரலில்.
முனகிற்று.
நடுக் கதவுவரை நகர்ந்தது.
ரயில் நிலையம் தாண்டியதும் உட்கார்ந்தே விட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்:
சிறுத்துப்போய், மடியில் பையோடு,
ஆவி படிந்த சன்னலை முழங்கையால் துடைத்து
வெளியே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அப்புறம் அந்த ஏற்றம்.
தண்டவாளத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனித் தோல்.
சக்கரம் வெறுமே சுற்றுகிறது.
வண்டி ஒரு சாண் பின்னால் போகிறது.
பின் இருக்கையில் வலி எழுந்துவிட்டது,
ஒவ்வொரு கம்பியாய்ப் பற்றி
முன்னால் வருகிறது, வருகிறது.

டிராம் ஓட்டாதவர்களுக்குத் தெரியாது.
இருக்கைக்கு அடியில் ஒரு மணல் பெட்டி உண்டு.
காலால் ஒரு மிதி;
சக்கரத்தின் முன்னால் ஒரு பிடி விழும்,
இரும்பை இரும்பு பற்றும்.
மிதித்தேன்.
விழுந்தது. சந்தேகமே இல்லை,
தாவெத்தின் மணல்தான்,
இன்னும் அந்த வெதுவெதுப்போடு.

காலையில் விரிப்பை மாற்ற வந்த நர்ஸ்
இடது கால் பக்கம் மட்டும் ஏன்
இப்படிக் கசங்கியிருக்கிறது என்றாள்.
வலி போய்விட்டதா என்றும் கேட்டாள்.
எங்கே போகும்? கடைசி இருக்கையில் இருக்கிறது.
எண் கேட்டால், ஐந்து.
எலும்புக்குத் தனிக் கால அட்டவணை,
அதை முந்த எந்த ஓட்டுநராலும் முடியாது.
அதுவரை வண்டி நிற்காமல் இருந்தால் போதும்.

பத்து மணிக்குச் சுவர்ப் பயிற்சி.
விரல்கள் சுவரில் ஊர்ந்து ஏறவேண்டும்,
தாவெத் பென்சிலில் போட்ட கோடுவரை.
பாதியில் தோள் வழுக்கிற்று.
மூச்சைப் பிடித்தேன். கண்ணை மூடினேன்.
விரல் நகர்ந்தது, கோட்டைத் தொட்டது,
நகம் அளவு தாண்டியும் போயிற்று.

அவன் சுவரைப் பார்க்கவில்லை.
என் இடது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்,
தரையை அழுத்திக்கொண்டிருந்தது அது.
கால் எதற்கு என்றான்.
ஏற்றம் என்றேன்.