ஐம்பத்தைந்து நிமிடம்

சுபாங்கிலிருந்து பினாங்குக்கு
ஐம்பத்தைந்து நிமிடம் என்கிறது சீட்டு.
பெல்ட்டைப் போட்டுக் கழற்றுவதற்குள்
ஈப்போ கீழே கடந்துவிட்டது.
பக்கத்து இருக்கைச் சீனர்
கச்சான் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து
எனக்கும் நாலு தந்தார்.
மென்று முடிக்கவில்லை, இறங்குகிறோம்;
பாலம், படகுகள்,
தண்ணீரில் எங்கள் விமானத்தின் நிழல்.

ஜெலுத்தோங்கில் தங்கை பவளம் வீடு.
பதினோரு வருஷம்.
கூட்டுப் பணம் எண்ணூறு வெள்ளி.
யார் யாருக்குத் தரணும் என்பது
இப்போது எனக்கே சரியாக நினைவில்லை.

வாடகைக் காரில் இருபது நிமிடம், நெரிசலோடு.
கேட்டுக்கு வெளியே நிற்கிறேன்.
உள்ளே குக்கர்
மூன்றாவது விசில் அடிக்கிறது.
அழைப்புமணிப் பொத்தான்
விரலிலிருந்து ஒரு முழம்.

நான்கு.
ஐந்து.

ஆறாவது வரவில்லை.
யாரோ அடுப்பை அணைத்துவிட்டார்கள்.
செருப்புச் சத்தம் கேட்கிறது.