தலைப்பெழுத்து

ஓலையில் சூசை என்றுதான் இருந்தது.
மூன்று ஞாயிறும் சாமியார் வாசித்தார்,
தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று.
தடை எனக்கே கொஞ்சம் இருந்தது.
முதுநகர் முழுக்க அவரைப்
பெப்பே என்றல்லவா கூப்பிட்டது?

பெப்பே நமக்குத் தெரியாததா.
கடன் வாங்கியவன் காட்டுவது.
சீட்டுக் கம்பெனி ஷட்டர் இறங்கிய காலையில்
வாசலில் நின்ற நாற்பது பேர் பார்த்தது.
நெய்வேலியில் வேலை, வந்து கூட்டிப்போகிறேன் என்று
அமலி வயிற்றில் இருக்கும்போது
பஸ் ஏறிய ஒருவன் எனக்குக் காட்டியது.
ஊருக்கெல்லாம் பெப்பே, எனக்குமா பெப்பே
என்று கேட்க ஆளில்லாமல்
நாலு வருஷம் வாய்க்குள்ளேயே கிடந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரம்
கரண்ட் போன ஒரு ராத்திரி
இவரிடம் கேட்டேன்.

சிரித்தார். கப்பலில் வைத்த பேர் என்றார்.
ஒன்பது வருஷம் ஸ்பானியக் கப்பலில்
மீன் உறைகிற அறையில் நின்றவர்.
அங்கே சூசைக்கு ஹொசே.
ஆனால் ஹொசே என்று எவனும் அழைப்பதில்லையாம்,
அழைத்தால் சம்பளம் பிடிக்கப்போகிறான் என்று அர்த்தம்.
அம்மாவுக்கும் பெப்பே, சாராயக்கடைக்கும் பெப்பே,
செத்தால் கல்லறையில் மட்டும் ஹொசே.
ஒரே மேசையில் ஆறு பெப்பே உட்கார்ந்தால்
நெட்டை, சொட்டை, ஒற்றைக்காது என்று ஒட்டு வரும்.
இவர் கடலூர் பெப்பே.

ஏன் பெப்பே என்றேன்.
சமையல்காரன் சொன்னானாம்:
சூசையப்பர் சுரூபத்துக்கு அடியில்
இலத்தீனில் இரண்டே எழுத்து,
பே, இன்னொரு பே.
தகப்பன் என்று ஊர் நினைத்துக்கொண்டவர்
என்பதன் சுருக்கம்.
இஞ்சின் ரூம் ஆள் கடலில் துப்பினானாம், கதை என்று.
ஜுசேப்பே என்று இருந்தது
தலை உடைந்து வால் மிஞ்சியது, அவ்வளவுதானாம்.
இருக்கும்.
நம் தெருவில் அந்தோணி தோணியாகவில்லையா.

குவாத்தமாலாக்காரன் ஒருத்தன்
அன்றைக்குப் பேசவில்லையாம்.
மறுநாள் வலை இழுக்கும்போது,
எங்கள் பக்கத்தில் பெப்பே என்றால்
பெற்றவர் இல்லாத பிள்ளை என்றானாம்.

இதைச் சொல்லும்போது
அமலி படுத்திருந்த பக்கம் இவர் பார்க்கவில்லை.
பார்க்காதது இருட்டிலும் தெரிந்தது.

இப்போது ஸ்டேஷன் எதிரில் ஜூஸ் கடை.
கிர்ணிப்பழத்தை அறுத்து நாக்கில் வைத்து
வெள்ளரி ருசி அடித்தால்
பெப்பே என்று ஓரமாய்த் தள்ளுவார்.
அந்த ஊரில் அதற்கும் அதே பேராம்.
தன் பேரைத் தானே தினம் நாலு கிலோ
மாட்டுக்குப் போடுகிற மனுஷனை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அமலி அப்பா என்று கூப்பிடவில்லை.
சொல்லிக்கொடுத்தேன்.
மிட்டாய் காட்டினேன்.
ஒருமுறை அடித்தேன், சரியில்லைதான்.
பெப்பே, ஐஸ் போடாத.
பெப்பே, சைக்கிள் எடு.
விடு பிலோமி, என்பார்,
கேப்டனே அப்படித்தான் கூப்பிட்டான்.

ஜூன் மாசம் பள்ளிக்கூடத்துப் படிவத்தில்
தகப்பனார் பெயர் என்ற கட்டத்துக்கு முன்
பேனாவை என்னிடம் நீட்டிவிட்டு
வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.
சூசை என்று எழுதினேன். கை நடுங்கவில்லை.
தலைப்பெழுத்து எஸ் என்றார் கிளார்க்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டனுப்பினார்கள்.
ஒன்றுமில்லை, இதைப் பாருங்கள் என்று
டீச்சர் ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினார்.
அட்டையில், கோணல் மாணலாக,
பெ. அமலி.

பெ என்றால் என்னம்மா, பெரியநாயகமா?
பெப்பே, என்றாள்.
வகுப்பே சிரித்தது. டீச்சரும்.
நானும் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி
விரலால் அந்தப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:
ரெண்டு எழுத்து போடணும் மிஸ்.
லேபிள்ல எடமில்ல.