மஞ்சள் ஏறிய திரை

மூன்று வருடமாக என் படங்களில் எல்லாம்
விடியாத நேரத்து வெளிச்சம்.
கொடிமலையில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமிட்ட குரங்கு,
படகுத்துறைப் பூனைகள்,
ஜெலுத்தோங் சந்தையில் மீன்குடலுக்கு நிற்கும் கொக்கு,
எதன் மேலும் மெலிதாய் ஒரு நீலம்.
"பேரே போட வேணாம், ஒன் படம்னு தெரிஞ்சிடும்"
என்றான் அமிர்தலிங்கம்.
நானும் நம்பினேன்.
பாணி என்றால் சும்மாவா?

போன வாரம் மடிக்கணினி செத்தது.
புதியதில் திறந்தால்
குரங்குக்குட்டியின் ஆரஞ்சு உடம்பு சாம்பல் பூத்து
காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி.
பழைய திரையில் மஞ்சள் ஏறிப் பல நாளாயிற்றாம்,
கடையில் இர்வான் தட்டிப் பார்த்துச் சொன்னான்.
அந்த மஞ்சளோடுதான் ராத்திரி ராத்திரியாய்
மல்லுக்கட்டியிருக்கிறேன்,
நீலத்தை ஊற்றி ஊற்றி.

சனிக்கிழமை முழுக்கத் திருத்தினேன்.
குட்டிக்கு அதன் நிறம் கிடைத்தது.
கொக்கு வெளுத்தது.
சுங்கை பினாங் கரையில்
உடும்பு நாக்கு நீட்டும் படம் ஒன்று,
அதிலும் நீலத்தை வழித்துத் துடைத்து
இளஞ்சிவப்பாக்கி வைத்தேன், நாய் நாக்கு போல.
பிழை என் பக்கம்தானே.

இன்று காலை ஏழு மணி.
மதகுப் படியில் அதே உடும்பு.
அறுந்த வால்நுனி அடையாளம்.
கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டுக் குந்தினேன்.
வெயில் ஏறும்வரை அசையவில்லை அது.
பிறகு, மிதந்து வந்த ஒரு கோழித்தலைக்காக
வாயைத் திறந்தது.

நாக்கு
நீலம்தான்.