எட்டுக்கு நாலு

புதூர் முகாமிலிருந்து ஓடர்:
எட்டடிக்கு நாலடி ஃப்ளெக்ஸ், ஓட்டை எட்டு.
ஹெலிப் படையணிக்கு ஆண்டு நிறைவாம்.
வெள்ளிக்கிழமை வெளிநாட்டு ஆட்களும் வருகிறார்களாம்,
இறக்கை நுனியில் காற்றாடி பூட்டிய ஒன்றில்;
எழும்பும்போது ஹெலி, மறுகா பிளேன்.
கோப்ரல் ஜயதிஸ்ஸ கையை விரித்துத் திருப்பிக் காட்டினார்.

திரையில் திறந்தேன்.
அந்தரத்தில் நிற்கும் மீன்கொத்தி இலச்சினை.
கீழே மூன்று மொழி.
தமிழில் 'பரம்பரியம்' என்றிருந்தது.

பறந்த மணித்தியாலம்: முப்பத்தோராயிரத்துச் சொச்சம்.
அதில் ஒன்றேகால் மணித்தியாலம் எனக்குத் தெரியும்.
கரடியனாற்றில் ஒரு மதகு.
என் வாயில் அம்மாவின் கை, வெங்காய மணம்.
மேலே தகரத்தில் சோளம் கொட்டுகிற சத்தம்.

வெள்ளத்தில் போட்ட அரிசி: நூற்றுப்பன்னிரண்டு தொன்.
அதிலும் ஒரு மூட்டையைத் தெரியும்.
பள்ளிக்கூட முற்றத்தில் விழுந்து வெடித்தது.
சேற்றோடு அள்ளி, ஏழு தண்ணீரில் கழுவிக்
கஞ்சி வைத்தோம்.
பல்லில் மணல் கடிபட்டது.
ருசியாகத்தான் இருந்தது,
இல்லையென்று சொல்ல மாட்டேன்.

வாவிக்கு மேலால் ஏதோ ஒன்று போனது.
நான் கீபோர்டில் கையை நிறுத்தினேன்.
டியூசனுக்குப் போகும் வழியில் வந்திருந்த டிலுக்ஷன்
மென்ற பணிஸை நிறுத்தினான்.
அவன் எல்லாம் முடிந்தபிறகு பிறந்தவன்.
நான் சொல்லிக்கொடுத்ததில்லை.
சத்தம் கல்லடிப் பக்கம் தேய்ந்ததும்
மீண்டும் மென்றான்.

மூலையில் சாமித்தம்பியண்ணன்
ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு
நகைக்கடைப் பானருக்கு ஓட்டை அடித்துக்கொண்டிருந்தார்.
அவருடைய மணித்தியாலம் வேறு;
அதை நான் கேட்டதில்லை.
நிமிர்ந்து திரையைப் பார்த்தார்.
"காலை விட்டுட்டாங்க, புள்ள."
எழுத்தைத்தான் சொன்னார்.

கோப்ரலுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.
"பிழையா?" என்றார். காது சிவந்துவிட்டது.
இருபத்துமூன்று வயது இருக்கும்,
அந்த மதகைவிட இளசு.

ப-வுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து
ஒரு கால் போட்டேன்.
பாரம்பரியம்.

பில் எழுதினேன். சதுர அடி முப்பத்திரண்டு.
"திருத்தினதுக்கு எவ்வளவு?"
அண்ணன் முந்திக்கொண்டார்:
"காலுக்கு நாங்க காசு வாங்கிறல்ல."
பிறகு, பஞ்சைத் துடைத்தபடி,
"எட்டு ஓட்டை காணாது தம்பி,
பன்னிரண்டு அடிப்பம்.
அந்தக் காத்து எனக்குத் தெரியும்."